ஏழு கடை ஃப்ரைஸும் ஒரு கடிகாரமும்

திருச்சியிலிருந்து அத்தை (என் மனைவியின் அம்மா) ஆறு மாதம் தங்க வருகிறார் என்று டிக்கெட் போட்டதுமே எனக்கு நெடுஞ்சாலைச் சாப்பாட்டைப் பற்றிய யோசனை வந்துவிட்டது. நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. இங்கிருந்து ஆஸ்டினுக்கோ ஹூஸ்டனுக்கோ காரில் கிளம்பினால் மூன்று நான்கு மணி நேரம், வழியில் சுத்த சைவம் சாப்பிடுகிற ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஃப்ரைஸும் காபியும்தான். போன தடவை வந்திருந்தபோது பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளை, இதை எந்த எண்ணெயில பொரிக்கிறாங்க?" என்று கேட்டார். "சமையல் எண்ணெய்தான் அத்தை, சாப்பிடுங்க" என்றேன். தெரியாமல் சொன்ன பதில் அது, ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் இந்தத் தடவை அவர் வருவதற்கு முன்பே முறையாகப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். எது ருசி, எது வீடு வரைக்கும் தாங்கும், எதை அத்தைக்கு நிம்மதியாக வாங்கிக் கொடுக்கலாம், மூன்று கேள்வி. இந்த மூன்றுக்கும் ஒரே வரிசை வரும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன், வரவில்லை.

எடுத்துக்கொண்ட கடைகள் ஏழு: மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், வெண்டிஸ், ஃபைவ் கைஸ், இன்-என்-அவுட், சிக்-ஃபில்-ஏ, ஆர்பிஸ். இரண்டு சனிக்கிழமைகளில் முடித்தோம் (சிக்-ஃபில்-ஏ ஞாயிற்றுக்கிழமை திறக்காது). கையில் வாங்கியதும் கார் நிறுத்துமிடத்திலேயே ஒரு வாய், ஏழாவது நிமிடம் ஒரு வாய், பதினைந்தாவது நிமிடம் ஒரு வாய். கெட்சப் கிடையாது. கடிகாரம் மகள் கையில். பையை மூடக்கூடாது என்பது முதல் விதி, ஏனென்றால் மூடிய பைக்குள் ஃப்ரைஸ் தன் ஆவியிலேயே வெந்து நமத்துவிடும், அப்புறம் கடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஏழு நிமிடம் என்ற கணக்கு நான் யோசித்து வைத்ததல்ல. பொரித்த ஃப்ரைஸை ஏழு நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது மெக்டொனால்ட்ஸ் சமையலறை வழக்கம் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. ஃப்ரைஸ் எண்ணெயில் கிடக்கும்போது கிழங்குக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதனால் மேல்தோல் காய்ந்து மொறுமொறுப்பாகிறது. வெளியே எடுத்ததும் அந்த வேகம் நின்றுவிடும், ஆனால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கும். அது மெதுவாக வெளித்தோலுக்கு வந்து சேரும், அதைத்தான் நாம் நமத்துப்போச்சு என்கிறோம். ஆகவே எந்தக் கடை ஃப்ரைஸானாலும் அதன் கதை அந்த ஈரத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான். ஏழு கடையும் ஏழு வழி பிடித்திருக்கிறார்கள்.

மெக்டொனால்ட்ஸிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற எல்லோரும் அதைப் பார்த்துத்தான் தங்கள் ஃப்ரைஸை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் சகோதரர்கள் நடத்திய கடையில் முதலில் உருளைக்கிழங்கு சிப்ஸ்தான் கொடுத்தார்கள், 1949-ல்தான் அதை எடுத்துவிட்டு ஃப்ரைஸ் போட்டார்கள். அந்தக் கடையைப் பின்னாளில் ஊர் ஊராகப் பரப்பிய ரே குரோக் 1955-ல் இல்லினாய் மாநிலத்தின் டெஸ் பிளைன்ஸில் தன் முதல் கடையைத் திறந்து, சகோதரர்கள் செய்வது போலவே ஒரு படி விடாமல் செய்து பார்த்தார், ஃப்ரைஸ் மட்டும் சரியாக வரவில்லை. தோல் சீவுவது, கழுவுவது, பொரிப்பது எல்லாம் அச்சு அசல் அதே. கடைசியில் உருளைக்கிழங்கு வியாபாரச் சங்கத்துக்காரர் ஒருவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்: சான் பெர்னார்டினோவில் கிழங்கைக் கம்பிவலைத் தொட்டியில், நிழலில், பாலைவனக் காற்று படும்படி வைத்திருந்தார்கள். அவர்களுக்கே தெரியாமல் கிழங்கு பதமாகி, அதிலிருந்த சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டிருந்தது. குரோக் அதன்பிறகு கடையின் நிலவறையில் கிழங்கைக் கொட்டி மின்விசிறி போட்டார். தன் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இதை நான் போனில் அத்தையிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஃபிரிட்ஜில வெச்ச கிழங்கு வறுவலுக்கு ஆகாதுங்க மாப்பிள்ளை, சிவந்துடும், இனிக்கும்" என்றார். அதேதான். குளிரில் வைத்தால் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாகும், சர்க்கரை அதிகமான கிழங்கு எண்ணெயில் விழுந்ததும் உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துவிடும். டெஸ் பிளைன்ஸில் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் திருச்சி சமையலறையில் சாதாரணம்.

குரோக்கின் ஆட்கள் இன்னொன்றும் கவனித்தார்கள். லூயி மார்ட்டினோ என்பவர் எண்ணெயில் வெப்பமானி வைத்துப் பார்த்தார். ஈரக் கிழங்கைப் போட்டதும் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்குகிறது, எவ்வளவு இறங்கும் என்பது தடவைக்குத் தடவை மாறுகிறது, ஆனால் இறங்கிய இடத்திலிருந்து சூடு மூன்று டிகிரி மட்டும் ஏறும்போது ஃப்ரைஸ் சரியான பதத்துக்கு வந்துவிடுகிறது. நிமிடக் கணக்கை விட்டுவிட்டு இந்த மூன்று டிகிரியைப் பிடித்துக்கொண்டு ஒரு கருவியே செய்தார்கள். வடை போடுகிறவர்கள் சலசலப்பு அடங்குகிற சத்தத்தை வைத்துப் பதம் சொல்வார்களே, அந்தக் காதின் வேலையை ஒரு பெட்டிக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி.

அப்புறம் உறைந்த ஃப்ரைஸ் வந்தது. ஐடஹோவின் ஜே. ஆர். சிம்ப்ளாட் நிறுவனம் 1940-களிலிருந்தே அதில் வேலை செய்துகொண்டிருந்தது, 1960-களில் குரோக்கும் சிம்ப்ளாட்டும் கை குலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு ஒவ்வொரு கடையும் தனித்தனியாகக் கிழங்கு சீவுவது படிப்படியாக நின்றுபோனது. இன்று தொழிற்சாலையில் கிழங்கு தண்ணீர்க் குழாய்க்குள் நொடிக்கு சுமார் 35 மீட்டர் வேகத்தில் பாய்ந்து கத்திகளின் மேல் மோதிக் குச்சிகளாக வெளியே வருகிறது. சுடுதண்ணீரில் லேசாக வேகவைத்துக் கிழங்கின் சர்க்கரையைக் கழித்துவிட்டு, நிறம் ஒரே சீராக வரவேண்டும் என்று அளந்த டெக்ஸ்ட்ரோஸை (அதுவும் ஒரு சர்க்கரைதான்) தெளிக்கிறார்கள். பிறகு காயவைத்து, அரைப்பொரியலாகப் பொரித்து, உறையவைக்கிறார்கள். கடையில் நடப்பது இரண்டாவது பொரிப்பு. புதிதாக வெட்டியதைவிட உறைந்தது எப்போதும் மட்டம் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பியிருந்தேன், ஆனால் ஃப்ரைஸ் விஷயத்தில் அது உண்மையில்லை. முதல் பொரிப்பில் வெளித்தோல் உருவாகி, உறையும்போது உள்ளிருக்கும் ஈரம் இளகி வெளியேறத் தயாராகிவிடுவதால், இரண்டாவது பொரிப்பில் வெளியே கண்ணாடி மாதிரியும் உள்ளே பஞ்சு மாதிரியும் வருகிறது.

இனி அத்தைக்கு முக்கியமான பகுதி. 1990 வரைக்கும் மெக்டொனால்ட்ஸ் தன் ஃப்ரைஸைப் பொரித்தது பெரும்பங்கு மாட்டுக் கொழுப்பு, கொஞ்சம் பருத்திக்கொட்டை எண்ணெய் கலந்த கலவையில். அந்த ருசியின் பாதி ரகசியம் அதுதான். நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் ஃபில் சோகலாஃப் என்ற தொழிலதிபர், நாற்பத்து மூன்று வயதில் மாரடைப்பு வந்து பிழைத்தவர், தன் சொந்தப் பணத்தில் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் போட்டுக் கொழுப்புக்கு எதிராகச் சண்டை போட்டார். 1990-ல் மெக்டொனால்ட்ஸ் தாவர எண்ணெய்க்கு மாறியது, பர்கர் கிங்கும் வெண்டிஸும் அப்படியே. அந்தத் தாவர எண்ணெய் பாதி ஹைட்ரஜன் ஏற்றியது, அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு இன்னும் கெடுதல் என்று பின்னால் தெரிந்து அதையும் 2008 வாக்கில் கைவிட வேண்டியிருந்தது. நல்ல எண்ணத்தோடு நடந்த ஒரு மாற்றம் இப்படி ஆனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எண்ணெய் மாறியதும் பழைய ருசி போய்விடக்கூடாது என்று, தொழிற்சாலையில் அரைப்பொரியல் கட்டத்திலேயே மாட்டிறைச்சி சார்ந்த சுவையூட்டி ஒன்றைச் சேர்த்தார்கள். பொருள் பட்டியலில் அது வெறும் இயற்கைச் சுவையூட்டி என்று இருந்தது. தாவர எண்ணெய் என்ற சொல்லை நம்பி அமெரிக்காவில் இருந்த எத்தனையோ இந்துக்களும் சைவர்களும் பத்து வருடம் அதைச் சாப்பிட்டார்கள். 2001-ல் சியாட்டிலில் வழக்கறிஞர் ஹரீஷ் பார்த்தி வழக்குப் போட்டார், 2002-ல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து, சைவ அமைப்புகள் முதலியவற்றுக்கு 1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இன்றைக்கும் அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸின் பொருள் பட்டியலில் அந்தச் சுவையூட்டி இருக்கிறது, இப்போது பெயரோடு, கோதுமையும் பாலும் அதன் மூலப்பொருள்கள் என்ற குறிப்போடு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். பெயரில் மாடு, மூலப்பொருளில் கோதுமையும் பாலும். சாப்பிடலாமா கூடாதா என்பது அவரவர் முடிவு. அத்தையிடம் இதை அப்படியே விளக்கினேன். "பேர்லயே இருக்கும்போது நமக்கு எதுக்குங்க மாப்பிள்ளை" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சென்னை மெக்டொனால்ட்ஸில் சாப்பிடுவது வேறு. 1996-ல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்தே அங்கே மாட்டிறைச்சி எதிலும் கிடையாது, சைவத்துக்குத் தனி அடுப்பு, தனி ஆட்கள். அங்கே கவலையில்லாமல் சாப்பிட்டுப் பழகியவர்கள் அதே பலகையைப் பார்த்து இங்கே நம்பி உள்ளே போகிறார்கள், அங்கேதான் சறுக்குகிறது. பேரன் பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து வருகிற பெரியவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்று நான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

சரி, ருசிக்கு வருகிறேன். வாங்கிய நொடியில் என் தீர்ப்பும் மகள் தீர்ப்பும் ஒன்றே: மெக்டொனால்ட்ஸ் முதலிடம். மெல்லிசு, நீளம், உப்பு எல்லாக் குச்சியிலும் சமமாக ஒட்டியிருக்கிறது, கடித்தால் முதலில் ஒரு சின்னச் சத்தம், பிறகு உள்ளே ஒன்றுமே இல்லாதது போல் கரைகிறது. (நான் அத்தை அளவுக்குக் கட்டுப்பாடு இல்லாதவன்.) மெல்லிசாக இருப்பதுதான் அதன் பலம், அதுதான் பலவீனமும். அந்தக் குச்சிக்குள் சூடு பிடித்து வைக்க இடமில்லை, ஏழு நிமிட விதி எதற்கு என்று ஏழாவது நிமிடம் நாக்குக்கே புரிந்தது.

ஃபைவ் கைஸ் இதற்கு நேர் எதிர். வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் 1986-ல் தொடங்கிய கடை, உள்ளே நுழைந்ததும் கிழங்கு மூட்டைகள் அடுக்கியிருக்கும், இன்றைய கிழங்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று பலகையில் எழுதியிருக்கும். தோலோடு தடிமனாக வெட்டி, மாவு போகக் கழுவி, ஒருமுறை பொரித்து ஆறவைத்து, கேட்டதும் மறுபடி பொரிக்கிறார்கள். எண்ணெய் கடலெண்ணெய் மட்டுமே. மொறுமொறுப்பில் இரண்டாவது இடம்தான், ஆனால் கிழங்கின் ருசி என்று பார்த்தால் இதுதான் ஒன்றாவது, அடுப்புத் தணலில் சுட்ட கிழங்கைப் பிட்டால் ஒரு மண் வாசம் வருமே, அது இதில் இருக்கிறது. கோப்பையை நிரப்பிய பிறகும் பைக்குள் இன்னொரு கரண்டி அள்ளிக் கொட்டுவார்கள்.

இன்-என்-அவுட்டைப் பற்றி இரண்டு கட்சி உண்டு, கலிஃபோர்னியாக்காரர்களிடம் பேசினால் தெரியும். 1948-ல் தொடங்கியதிலிருந்து உறைபெட்டியே கிடையாது என்பது அவர்கள் பெருமை. கண்ணெதிரே முழுக்கிழங்கை அச்சில் வைத்து அழுத்துகிறார்கள், வெட்டிய குச்சி நேராக சூரியகாந்தி எண்ணெய்க்குள் போகிறது. பொரிப்பது ஒரே ஒரு தடவை. அதனால் தோல் மெல்லிசாகவும் உள்ளே ஈரம் நிறையவும் இருக்கிறது, மற்றவர்களைப் போல நிற்காது. நன்றாகப் பொரித்துத் தரச் சொல்லிக் கேட்டால் தருவார்கள், அங்கே அதற்கு வெல் டன் என்று பெயர். அப்படிக் கேட்டு வாங்கியது எனக்குப் பிடித்தது, வீட்டில் போடுகிற உருளைக்கிழங்கு வறுவலுக்கு மிக அருகில் வருவது அதுதான்.

பர்கர் கிங், வெண்டிஸ் இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம், இருவரும் நம்பியிருப்பது பூச்சை. மெல்லிய மாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தால் கிழங்கைச் சுற்றி ஓர் ஓடு உருவாகும், உள்ளே இருக்கும் ஈரம் அந்த ஓட்டை இளக்க நேரம் பிடிக்கும். பர்கர் கிங் இப்படிப் பூசிய ஃப்ரைஸை அறிமுகம் செய்ய 1998 ஜனவரி 2 அன்று நாடு முழுக்க இலவசமாகவே கொடுத்தது. 2013-ல் நெளிநெளியாக வெட்டிய, கொழுப்பு குறைந்த ஃப்ரைஸ் ஒன்றைக் கொண்டுவந்து அடுத்த வருடமே பெரும்பாலான கடைகளில் நிறுத்தியது. வெண்டிஸ் 2010-ல் தோலோடும் கடலுப்போடும் மாற்றியது, 2021-ல் டிரைவ் த்ரூவில் வாங்கி வீட்டுக்குப் போகிறவர்களை மனதில் வைத்து மறுபடி மாற்றியது. வாங்கிய நொடியில் இரண்டும் நடுவரிசைதான், அந்த ஓடு நாக்குக்கும் கிழங்குக்கும் நடுவே ஒரு திரை மாதிரி நிற்கிறது. பதினைந்தாவது நிமிடம் கதையே மாறிவிட்டது, மகள் பர்கர் கிங் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஆர்பிஸ் சுருள் ஃப்ரைஸை இந்த வரிசையில் வைப்பதே சரியா என்று எங்களுக்குள் விவாதம். மிளகாய்ப்பொடி நிறத்தில் பாப்ரிகா, வெங்காயம், பூண்டு எல்லாம் மாவோடு சேர்ந்து பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது. பதினைந்து நிமிடம் கழித்தும் மொறுமொறுப்பு நின்றது இதில்தான், ஆறினாலும் மசாலா காப்பாற்றிவிடுகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தின்றால் உருளைக்கிழங்கு எங்கே என்று தேட வேண்டும். தாங்கும் வரிசையில் முதலிடம், ருசி வரிசையில் நான் கீழே வைத்தேன், மகள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

சிக்-ஃபில்-ஏயின் வலை மாதிரி ஓட்டைகளோடு வெட்டிய ஃப்ரைஸ் 1985-லிருந்து இருக்கிறது. ஓரங்களில் மொறுமொறுப்பு, நடுவில் மாவு, ஒரே துண்டில் இரண்டும். கோழியைக் கடலெண்ணெயிலும் ஃப்ரைஸைக் கனோலா எண்ணெயிலும் தனித்தனியாகப் பொரிக்கிறார்கள் என்பது சைவர்களுக்கு நல்ல சேதி. சமீபத்தில் பட்டாணி மாவுச்சத்தும் பூச ஆரம்பித்திருக்கிறார்கள், இவர்களும் அந்த ஈரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள் என்று தெரிகிறது.

ஆக, வாங்கிய நொடியில்: மெக்டொனால்ட்ஸ், ஃபைவ் கைஸ், சிக்-ஃபில்-ஏ, வெல் டன் கேட்டு வாங்கிய இன்-என்-அவுட், வெண்டிஸ், பர்கர் கிங், ஆர்பிஸ். பதினைந்தாவது நிமிடம்: ஆர்பிஸ், பர்கர் கிங், வெண்டிஸ், ஃபைவ் கைஸ், அப்புறம் மற்றவை. ஒரு பட்டியலைக் கிட்டத்தட்டத் தலைகீழாகப் பிடித்தால் அடுத்தது. எந்தக் கடை ஃப்ரைஸ் நல்லது என்று நண்பர்கள் சண்டை போடும்போது ஒருவர் கடையில் உட்கார்ந்து தின்றவராகவும் இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றவராகவும் இருப்பார், இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

அத்தைக்கான வரிசை சின்னது. ஃபைவ் கைஸிலும் இன்-என்-அவுட்டிலும் எண்ணெயில் விழுவது ஃப்ரைஸ் மட்டும்தான், வேறெதையும் அவர்கள் பொரிப்பதில்லை. அதற்கடுத்து சிக்-ஃபில்-ஏ. பொதுச் சட்டியில் கோழியும் மீனும் பொரிக்கும் கடைகளை, கிழங்கிலும் எண்ணெயிலும் குறையில்லை என்றாலும், ஒதுக்கிவிட்டேன். ஸ்டேக் அண்ட் ஷேக் என்ற பர்கர் கடையை ஆரம்பத்திலேயே சேர்க்கவில்லை, 2025-ல் அவர்கள் ஃப்ரைஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கத் தொடங்கிவிட்டார்கள், அதை விளம்பரமாகவே சொல்கிறார்கள். சொல்லிச் செய்வது நல்லதுதான், நமக்குத் தேவையான தகவல் வெளியே பலகையிலேயே கிடைத்துவிடுகிறது.

அத்தை வந்து மூன்றாவது வாரம் ஹூஸ்டன் பயணம். வழியில் ஃபைவ் கைஸில் நிறுத்தி, கிழங்கு மூட்டைகளைக் காட்டி, கடலெண்ணெய்தான் அத்தை, இந்தத் தடவை விசாரித்துவிட்டேன் என்றேன். ஒரு குச்சியை எடுத்து முதலில் மூக்கருகே கொண்டுபோனார். "கடலெண்ணெய்ங்கிறீங்க, வாசமே இல்லையே." சுத்திகரித்த எண்ணெய், செக்கெண்ணெய் மணம் வராது என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். கோப்பையில் இருந்ததைப் பேத்தி பக்கம் தள்ளிவிட்டு, பைக்குள் கையை விட்டு அடியில் கிடந்த, உடைந்த, நன்றாகச் சிவந்த துண்டுகளாகப் பொறுக்கி எடுத்தார். "இதுதான் நல்லா முறுகலா இருக்கு, அடுத்த தடவை இந்த மாதிரியே கேட்டு வாங்குங்க" என்றார்.